பட்டுப்புடவை போர்ட்ரெய்ட்: ஜரிகை வெளுக்காமல், முகம் சாம்பல் பூக்காமல்

காஞ்சிப் பட்டு கட்டியவரைப் படம் எடுக்கும்போது சிக்கல் இரண்டு இடத்தில் வரும். ஜரிகை வெள்ளையாகப் பொங்கிவிடும். அதை எடிட்டிங்கில் அடக்கப் போனால் முகத்தின் நிறம் செத்துவிடும். காரணம் ஒன்றுதான்: தங்க ஜரிகையும் நம் மாநிறத் தோலும் மென்பொருளுக்கு ஏறக்குறைய ஒரே ஆரஞ்சு. ஒன்றைத் தொட்டால் மற்றதும் கூடவே நகரும். அதனால் பாதி வேலையைப் படம் எடுக்கும்போதே முடித்துவிட வேண்டும். மேனுவல் மோடும் ரா ஃபைலும் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. உடுத்தும் முன்

புதுப்புடவையின் மடிப்புக் கோடுகள் பக்கவாட்டு வெளிச்சத்தில் வரப்பு மாதிரி எழுந்து நிற்கும். முதல் நாள் இரவே பிரித்துத் தொங்கவிடுங்கள். மீதிக் கோட்டுக்குப் புடவையின் உள்பக்கத்தில் மெல்லிய பருத்தித் துணி போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரி போடலாம். ஜரிகை மேல் நேரடியாகச் சூடு படக்கூடாது.

இடுப்புக்கு மேலே மட்டும் படம் என்றால் கொசுவத்துக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். தோள் மடிப்புதான் முக்கியம். பெரிய கரைப் புடவையில் கரை முழுவதும் தாடைக்குக் கீழே விரிந்தால் கண் முதலில் அங்கேதான் போகும். ஒரு மடிப்பின் கரை மட்டும் மேலே தெரியட்டும். மற்றவற்றை அடியில் ஒதுக்கி, ஊக்கை ரவிக்கையின் உள்பக்கமிருந்து குத்துங்கள்.

நகையில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஜிமிக்கி என்றால் கழுத்தில் ஒற்றைச் சங்கிலி போதும். மாங்காய் மாலை என்றால் காதில் சின்னத் தோடு. மல்லிகை வைத்தால் படத்திலேயே மிகப் பிரகாசமான இடம் அதுதான் என்பதால், காதுக்குப் பின்னால் ஓரம் மட்டும் எட்டிப் பார்க்கும்படி வையுங்கள். என் தேர்வு எப்போதும் கனகாம்பரம். கருங்கூந்தலில் அது கனன்று தெரியும், வெளுத்தும் போகாது.

ஃபிளாஷ் பயன்படுத்துவதாக இருந்தால் டைட்டானியம் டையாக்சைடு கலந்த சன்ஸ்கிரீனும் பவுடரும் வேண்டாம். முகம் மாவு பூசியது போல வரும். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெயை ஒற்றி எடுங்கள், கன்ன எலும்பின் மினுமினுப்பை விட்டுவிடுங்கள். கருப்பான தோலில் முகத்தின் வடிவமே அந்த மினுப்பில்தான் தெரிகிறது.

2. வெளிச்சம்

நேர் வெயில் விழாத பெரிய ஜன்னல் ஒன்று போதும். அதில் வெள்ளை வேட்டியை ஒற்றை அடுக்காகக் கட்டுங்கள். ஆளை ஜன்னலிலிருந்து 3 முதல் 4 அடி தள்ளி, 45 டிகிரி திருப்பி உட்கார வையுங்கள். மறுபக்கம் ஒரு தெர்மாகோல் ஷீட். அறை விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். டியூப்லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் கலந்தால் முகத்தின் ஒரு பாதியில் பச்சை ஏறும், பிறகு எந்த ஒயிட் பேலன்ஸும் (வெளிச்சத்தின் நிறத்தைச் சமன் செய்யும் அமைப்பு) இரண்டு பாதிக்கும் ஒத்துவராது.

ஜரிகை ஓர் உலோகப் பரப்பு. எதிரே இருப்பதைக் காட்டும். சின்ன விளக்கை வைத்தால் வெள்ளைப் புள்ளிகளாக வெடிக்கும், அகலமான வெளிச்சத்தில் தங்கமாகவே தெரியும். அப்படியும் வெளுத்தால் கேமராவைத் தொடாமல் தோளை 10, 15 டிகிரி திருப்பச் சொல்லுங்கள். வெளிச்சம் லென்ஸுக்குத் தெறிக்கும் கோணம் உடைந்ததும் தங்க நிறம் திரும்பிவிடும். இதற்கென்று போலரைசர் ஃபில்டர் வாங்க வேண்டாம். பட்டின் பளபளப்பையும் தோலின் எண்ணெய்ப் பளபளப்பையும் அது குறைக்கும், உலோகத்தில் படும் சாதாரண வெளிச்சத்தை அதனால் தடுக்க முடியாது. போதாததற்கு 1 முதல் 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) வெளிச்சத்தையும் விழுங்கும்.

மயில்கழுத்து நிறத்தில் பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) வேறு நிறம். ஆள் திரும்பத் திரும்பப் புடவை நீலமாகவும் பச்சையாகவும் மாறும். தொடங்கும் முன் ஒரு முறை மெதுவாகத் திரும்பச் சொல்லி, பிடித்த கோணத்தை முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் ஒரே தொகுப்பில் இரண்டு புடவை கட்டியது போல இருக்கும்.

3. எக்ஸ்போஷர்

ஃபுல் ஃபிரேமில் 85 மி.மீ., ஏபிஎஸ்-சி கேமராவில் (அதைவிடச் சிறிய சென்சார்) 50 மி.மீ. லென்ஸ். எஃப்/1.8 வேண்டாம், கண் கூர்மையாக இருக்கும், ஜிமிக்கி கரைந்துவிடும். எஃப்/4, 1/160, தேவையான ஐஎஸ்ஓ.

முதல் படத்தில் கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டை) கட்டாயம். அரக்குப் புடவை ஃபிரேமை நிறைக்கும்போது ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் சிவப்பைக் குறைக்கப் பார்க்கும்; முகம் வெளிறிப்போகும்.

ஹிஸ்டோகிராமை (இடதில் இருட்டு, வலதில் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) ஒற்றை வரைபடமாகப் பார்க்காமல், ஆர்ஜிபி என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். அரக்கிலும் குங்குமச் சிவப்பிலும் சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் மோதி நிற்கும்போது, ஒற்றை வரைபடம் எல்லாம் சரி என்று காட்டும். வீட்டுக்கு வந்து பார்த்தால் புடவை மடிப்பே இல்லாத சிவப்புத் தகடாக இருக்கும். 1/3 முதல் 2/3 ஸ்டாப் இறக்குங்கள். பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வைத்தால் இந்தக் கணக்கு இன்னும் நம்பகமாக இருக்கும். ரா எடுத்தாலும் ஹிஸ்டோகிராம் ஜேபெக் முன்னோட்டத்திலிருந்துதான் வருகிறது. ஜரிகையில் ஊசிமுனைப் புள்ளிகள் வெளுத்தால் விடலாம், கரை முழுவதும் வெளுத்தால் விடக்கூடாது. இறக்கியதால் முகம் இருண்டால் தெர்மாகோலைக் கிட்டே கொண்டுவாருங்கள்.

4. எடிட்டிங்

லைட்ரூம் கிளாசிக்கை வைத்துச் சொல்கிறேன். முதலில் கிரே கார்டில் ஒயிட் பேலன்ஸ், அடுத்து மொத்த எக்ஸ்போஷர். அதற்குப் பிறகுதான் மாஸ்க், அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து திருத்துவது.

முகத்தைத் தெளிவாக்க எச்எஸ்எல்-இல் (ஒவ்வொரு நிறத்தையும் தனியாகத் திருத்தும் பகுதி) ஆரஞ்சு லூமினன்ஸை, அதாவது பிரகாசத்தை, ஏற்றச் சொல்லும் பாடங்கள் நிறைய உண்டு. மாநிறத்துக்கும் கருப்புக்கும் அது ஒத்துவராது. அந்த ஸ்லைடர் ஆரஞ்சாக இருக்கும் இடத்தையெல்லாம் தூக்குகிறது, மினுப்பை அப்படியே விடுகிறது. மேடு பள்ளம் தட்டையாகி, தோலின் செம்பழுப்பு வற்றி, முகம் சாம்பல் பூத்துவிடும். ஜரிகையும் சேர்ந்து வெளிர்மஞ்சளாகும். அதற்குப் பதில் மூன்று மாஸ்க்:

- தோல்: பீப்பிள் மாஸ்க்கில் முகத்தோல், உடல்தோல் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்போஷர் +0.20 முதல் +0.35 வரை, ஷேடோஸ் +10. ஹைலைட்ஸைத் தொடாதீர்கள்.
- ஜரிகை: கலர் ரேஞ்ச் மாஸ்க்கால் ஜரிகையைச் சொடுக்குங்கள். தோலும் அதில் மாட்டிக்கொள்ளும். எனவே சப்ட்ராக்ட் கொடுத்து பீப்பிள் மாஸ்க்கின் தோலைக் கழியுங்கள். இந்த ஒரு படியை விட்டால் மேலே பட்ட பாடு அத்தனையும் வீண். ஹைலைட்ஸ் −35, டெக்ஸ்சர் +15. கிளாரிட்டி ஏற்றினால் ஜரிகை அழுக்கேறிய பித்தளையாகும்.
- தாடை: கிளிப்பச்சைப் புடவையின் நிறம் தாடைக்கு அடியில் ஏறியிருக்கும். பிரஷ்ஷால் தீட்டி, சாச்சுரேஷன் −15, டின்ட்டை மெஜந்தா பக்கம் 8 முதல் 12.

பருவை நீக்குங்கள், மச்சத்தை விடுங்கள். கண்ணுக்கடியில் ஹீல் பிரஷ்ஷின் ஒபாசிட்டி 50 போதும். ஃப்ரீக்வென்சி செபரேஷன் (தோலின் நிறத்தையும் நுண்விவரத்தையும் பிரித்துத் திருத்தும் முறை) தொடங்குபவர்களுக்கு வேண்டாம். தோலின் துளைகள் போனால் முகம் பொம்மையாகிவிடும்.

முடித்ததும் முகத்தையும் புறங்கையையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒருவருடையதாகத் தெரிய வேண்டும். "கொஞ்சம் கலராக்கிக் குடுங்க" என்று கேட்பவர்களிடம் இந்த ஒப்பீட்டையே காட்டுங்கள். அவர்களுடைய நிறம் திருத்தவேண்டிய குறை இல்லை. அதை மாற்றித் தருவது நம் வேலையும் இல்லை.

5. வெளியே அனுப்பும்போது

எஸ்ஆர்ஜிபி நிறவெளி, 1080×1350 பிக்சல், ஜேபெக் தரம் 85. அதற்கு முன் எஸ் விசையை அழுத்தி சாஃப்ட் ப்ரூஃப் (அந்த நிறவெளியில் படம் எப்படித் தெரியும் என்ற முன்னோட்டம்) பாருங்கள். அரக்கில் மடிப்புகள் மறைந்தால் சிவப்பு சாச்சுரேஷனை 10 குறையுங்கள்.

பிறகு சேர்த்தது

போனில் எடுப்பவர்கள் பலர் கேட்டதால்: போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள், ஜிமிக்கியின் ஓரத்தையும் பூவையும் அது பின்னணி என்று நினைத்து மங்கலாக்கும். 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸில் எடுங்கள். ஸ்னாப்சீடில் செலக்டிவ் புள்ளியைக் கன்னத்தில் வைத்து, இரண்டு விரலால் கிள்ளி எல்லையைச் சுருக்கினால் ஜரிகை தப்பிக்கும்.

சிறு கட்டம் போட்ட புடவையில் வானவில் அலை தெரிகிறது என்றால் அது மாய்ரே. லைட்ரூம் பிரஷ்ஷில் அதற்கென ஸ்லைடர் உண்டு, ஆனால் நிறத்தையும் கொஞ்சம் தின்னும். எடுக்கும்போதே திரையில் 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து, அலை இருந்தால் அரையடி முன்னே நகர்ந்து இன்னொன்று எடுத்துவிடுங்கள்.