கட்டடம் வந்தது, கதவைத் திறக்க ஆள் இல்லை: அயர்லாந்து கிராமத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மேற்கு அயர்லாந்தின் ஒரு கிராமத்திலிருந்து ஐந்து பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். வந்ததும் மேசைமேல் ஒரு வரைபடத்தை விரித்தார்கள். மூடிக் கிடக்கும் பழைய பள்ளிக்கூடத்தைப் புதுப்பித்து, தொலைவிலுள்ள கம்பெனிகளுக்கு இணையவழி வேலை பார்ப்பவர்கள் வந்து உட்காரும் பொது அலுவலகமாக மாற்றப் போகிறார்களாம். கூரை, ஜன்னல், ஹீட்டர், கழிப்பறை எல்லாம் அளவோடு குறித்திருந்தது.

"காலையில் கதவைத் திறப்பது யார்?" என்று கேட்டேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் முதல் திட்டத்தில் இந்தக் கேள்வியை நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் கிராமங்களுக்கு மானியம் தரும் 'லீடர்' திட்டம் 1991-ல் தொடங்கியது. எந்த வேலைக்குப் பணம் கொடுப்பது என்பதை ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் முடிவு செய்யாமல், அந்தந்த வட்டாரத்து உள்ளூர்ச் செயல்குழுவிடமே விடுவதுதான் இதன் அடிப்படை. நல்ல ஏற்பாடு. அதில் விண்ணப்பிக்கும் குழுக்களுக்கு உதவுவது என் வேலை. படிவத்தில் கையெழுத்து விட்டுப்போவது, கடைசி நாளில் அனுப்புவது போன்றவற்றைச் சொல்லப் போவதில்லை. அவற்றை ஒருமுறை பட்டால் தானே திருந்திவிடுவீர்கள்.

பணம் முதலில் வரும் என்று நம்புவது

வராது. நீங்கள் செலவழித்து, ரசீது காட்டி, சரிபார்த்த பிறகுதான் வரும். அயர்லாந்தில் ஊர்ப்பொது அமைப்புகளின் கட்டுமான வேலைக்கு 75 சதவீதம் வரை மானியம் கிடைக்கலாம். இரண்டு லட்சம் யூரோ வேலை என்றால் ஒன்றரை லட்சம் திரும்பக் கிடைக்கும், சரி. ஆனால் அதுவரை ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்க முழுத்தொகையும் கையில் வேண்டும். கிளான் கிரெடோ போன்ற சமூகக் கடன் நிறுவனங்கள் இதற்கென்றே இடைக்காலக் கடன் தருகின்றன. விண்ணப்பம் எழுதும்போதே அவர்களிடம் பேசிவிடுங்கள். ஒப்புதலுக்கு முன்னால் தொடங்கிய வேலைக்குப் பணம் கிடையாது என்பதையும் மறக்காதீர்கள்.

கட்டடத்தை முதலில் கட்டுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அந்த முதல் திட்டம், ஒரு சின்ன ஊரின் பழைய பால் சேகரிப்பு நிலையம். நம் ஊர் பால் சொசைட்டி மாதிரிதான். அயர்லாந்தில் இந்தக் கூட்டுறவுப் பால்பண்ணை மரபு 1889-ல் லிமெரிக் மாவட்டத்தின் டிரம்கோலகர் ஊரில் தொடங்கியது. தினமும் காலையில் விவசாயிகள் பால் கேன்களோடு வந்து வரிசையில் நிற்பார்கள். மழை, மாடு, கல்யாணம், சாவு, எல்லாச் செய்தியும் அங்கேதான் கைமாறும். டேங்கர் லாரி பண்ணை வாசலுக்கே வர ஆரம்பித்ததும் இப்படிப்பட்ட நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அந்த இடத்தை மறுபடி ஊர் கூடும் இடமாக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம். ஆசையில் தவறில்லை.

கல் சுவரைப் பழைய அழகுக்கே கொண்டுவந்தோம். பன்னிரண்டு மேசை, வீடியோ கூட்டத்துக்கு ஓர் அறை, வேகமான இணையம். திறப்பு விழாவுக்குப் பாதி மாவட்டமே வந்தது. சம்பளத்துக்கு மட்டும் ஒரு யூரோகூட ஒதுக்கவில்லை. கேட்டால், தன்னார்வலர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதிக் கொடுத்தோம்.

முதல் கோடைக்காலம் நன்றாகவே போனது. நவம்பரில் முறைவைத்தவர்களில் ஒருவரின் அம்மா படுக்கையில் விழுந்தார். இன்னொருவருக்கு, ஆடுகள் குட்டி போடும் பருவம் வந்ததும் வெளியே தலைகாட்ட முடியவில்லை. சாவியைக் கடையில் கொடுத்து வைத்தோம். கடைக்கோ மதியம் ஒரு மணிநேரம் பூட்டு. முப்பது கிலோமீட்டர் காரோட்டி வந்த ஒரு பெண் இரண்டு முறை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மூன்றாவது முறை அவர் வரவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் ஹீட்டர் கட்டணம் கட்ட முடியாமல் நாங்களே மூடினோம்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கல் முகப்புக்குச் செலவான பணத்தில் ஒரு பகுதிநேரப் பொறுப்பாளரை மூன்று வருடம் வைத்திருக்கலாம்.

ஏன் எல்லோரும் இதே குழியில் விழுகிறோம்? சுவரை அளக்கலாம், புகைப்படம் எடுக்கலாம், தணிக்கைக்கு வருபவர் தொட்டுப் பார்க்கலாம். ஒரு பெண் காலை ஒன்பது மணிக்கு வந்து விளக்கைப் போட்டு, புதிதாக வந்தவரைப் பக்கத்து மேசைக்காரரிடம் அறிமுகம் செய்துவைப்பதை எந்தப் படிவத்தில் அளப்பது? மானியம் கொடுப்பவர்களுக்கும் அது சங்கடம். ஆனால் ஊரில் புதுத்தொழில் முளைப்பது அந்த அறிமுகத்தில்தான்.

டென்மார்க்கின் சாம்சோ தீவைப் பாருங்கள். 1997-ல் அரசு நடத்திய போட்டியில் வென்று, பத்து வருடத்தில் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறுவதாக ஒப்புக்கொண்டது. அங்கே முதலில் வந்தது ஒரு மனிதர், சோரன் ஹெர்மன்சன். அந்தத் தீவிலேயே வளர்ந்து ஆசிரியராக இருந்தவர், திட்டத்தின் முதல் ஊழியரானார். கூட்டம் கூட்டமாகப் பேசி, சந்தேகப்பட்டவர்களிடம் திரும்பத் திரும்பப் போனார். 2000-க்குள் நிலத்தில் 11 காற்றாலைகள், 2003-ல் கடலில் 10. பல காற்றாலைகளில் விவசாயிகளும் ஊர்க்காரர்களும் பங்குதாரர்கள். அவர்களுடைய 'ஆற்றல் அகாடமி' கட்டடம் வந்ததோ 2007-ல். பத்து வருடம் கழித்து!

அதனால் நான் இப்போது குழுக்களிடம் சொல்வது இது: ஆறு மாதம் ஊர்ப்பொதுக் கூடத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுங்கள். வாரம் இரண்டு நாள் ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். வருபவர்கள் பெயரை எழுதி வையுங்கள். பெயர்கள் சேராவிட்டால் கட்டடம் கட்டினாலும் சேராது. சேர்ந்தால், அந்த நோட்டே உங்கள் விண்ணப்பத்தின் பலமான பக்கம். நிலையாக ஆள் வைக்கும் கட்டத்தில், சம்பளத்தில் ஒரு பங்கைத் தரும் 'சமூகச் சேவைகள் திட்டம்' என்று அரசிடம் தனியாக ஒன்று உண்டு. அதைத் தேடிப் போங்கள்.

விலைப்புள்ளி

ஒப்பந்தக்காரர்களிடம் அதை, வேலையைக் கொடுத்த பிறகு அல்ல, முன்னால் வாங்குங்கள்.

புதுமை என்றால் செல்போன் செயலி என்று நினைப்பது

இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமங்களில் பெரிய கம்பெனிகள் ஃபைபர் கேபிள் போட வராதபோது, ஊர்க்காரர்களே 2011-ல் 'பார்ன்' என்ற சமூக நிறுவனத்தைத் தொடங்கினார்கள். விவசாயிகள் தங்கள் வயல் வழியாகக் குழாய் போக இலவசமாக அனுமதித்தார்கள், பலர் தாங்களே பள்ளமும் தோண்டினார்கள். தொழில்நுட்பம் ஏற்கெனவே உலகத்தில் இருந்ததுதான். வயலை விட்டுக்கொடுக்கும் ஏற்பாடுதான் புதிது. ஸ்காட்லாந்தின் எக் தீவும் அப்படித்தான். தீவை 1997-ல் மக்களே விலைக்கு வாங்கினார்கள், 2008-ல் நீர், காற்று, சூரிய ஒளியால் இயங்கும் சொந்த மின்கட்டமைப்பு வந்தது. வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் கிடையாது என்ற விதியை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த விதி இல்லாவிட்டால் அத்தனை சின்னக் கட்டமைப்பு தாங்காது.

எல்லாவற்றுக்கும் ஒரே ஆளை நம்புவது

அவருக்கும் காய்ச்சல் வரும்.

வீட்டை மறப்பது

வேலை வந்தாச்சு, இணையம் வந்தாச்சு, அப்புறம் திரும்பி வரும் இளைஞர் எங்கே தங்குவார்? மேற்குக் கடலோரத்தில் பல வீடுகள் கோடையில் மட்டும் திறக்கும் விடுமுறை வீடுகள், மற்றவை பாழடைந்து நிற்பவை. காலி வீட்டைப் புதுப்பிக்க அயர்லாந்து அரசு 50,000 யூரோ வரையும், இடியும் நிலையிலுள்ளதற்கு 70,000 வரையும் மானியம் தருகிறது. உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பட்டியலை இந்த வாரமே எடுங்கள், உரிமையாளர்களுக்குக் கடிதம் போடுங்கள். ஒன்றை மட்டும் அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இந்தப் பணமும் வேலை முடிந்த பிறகுதான் கைக்கு வரும்.