லினக்ஸ் போட்டாச்சு, பூட் ஆகலையா? மறுபடி போடாதீங்க

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் தலைமடையிலிருந்து நடந்து, எந்த மதகு அடைபட்டிருக்கிறது என்று பார்ப்போம். பூட் ஆகாத, அதாவது தொடங்காமல் நிற்கும் கணினிக்கும் அதே வழிதான். பயாஸ் (மதர்போர்டில் உள்ள தொடக்க நிரல்), கிரப் (லினக்ஸை ஏற்றிவிடும் நிரல்), கெர்னல் (லினக்ஸின் மையம்), இனிட்ராம்எஃப்எஸ் (டிஸ்க்கைத் திறக்க உதவும் தற்காலிக ஃபைல்கள்), சிஸ்டம்டி (மற்ற எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் நிரல்) என்ற வரிசையில் கட்டுப்பாடு கைமாறுகிறது. திரை எந்த வரியில் நின்றதோ, அடைப்பு அங்கேதான். முதலில் அந்தத் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி இன்ஸ்டால் செய்தால் அந்தத் தடயம் போய்விடும், கோளாறு அப்படியே இருக்கும்.

'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தாலோ, லினக்ஸ் போட்ட பிறகும் நேராக விண்டோஸே வந்தாலோ, பெரும்பாலும் யூஈஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்), லெகஸி (பழைய பயாஸ் முறை) குழப்பம்தான். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு தடவை தெரியும். ஒன்றின் முன்னால் யூஈஎஃப்ஐ என்று இருக்கும். விண்டோஸ் யூஈஎஃப்ஐ முறையில் இருக்க, நீங்கள் மற்றதைத் தேர்ந்தெடுத்திருந்தால் கிரப் தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கும். இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே லைவ் ஆக லினக்ஸைத் திறந்து, சிஸ் ஃபோல்டரில் ஃபர்ம்வேருக்குள் ஈஎஃப்ஐ (/sys/firmware/efi) என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் லெகஸியில் நுழைந்திருக்கிறீர்கள். யூஈஎஃப்ஐ வரியில் மறுபடி நுழைந்து, பூட் ரிப்பேர் கருவியை ஓட்டினால் போதும். ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பூட்டுக்கென்று பிரித்த பகுதி) மட்டும் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். விண்டோஸின் பூட் ஃபைல்களும் அதில்தான் இருக்கின்றன.

கையொப்பமில்லாத நிரல்கள் பூட் ஆவதைத் தடுக்கும் செக்யூர் பூட்டை நிறுத்த வேண்டியிருந்தால், விண்டோஸ் டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் விண்டோஸ் பூட்டிக்கொண்டால் ஃபைல்களை மீட்க வழியில்லை.

டெல்டாவில் இன்னொன்றையும் சந்தேகப்பட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய்ப் போய் வரும். ஜெராக்ஸ் கடைகளில் ராத்திரி மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுவார்கள். அப்போது பழைய டெஸ்க்டாப்பின் பயாஸ் அமைப்புகளைக் காப்பது மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி ஒன்றுதான். அது செத்தால் தேதி பல வருடம் பின்னால் போகும், பூட் முறையும் கம்பெனி வைத்த அமைப்புக்கே திரும்பிவிடும். நேற்று ஓடிய லினக்ஸ் இன்று காணாமல் போனால், பயாஸில் தேதியைப் பாருங்கள்.

'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்றால், கிரப் பாதி ஏறிவிட்டது, மீதி ஃபைல்கள் இருக்கும் இடம் அதற்குத் தெரியவில்லை. இன்ஸ்டாலர்கள் கிரப்பைக் கடைசிக் கட்டத்தில்தான் எழுதும்; யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் அந்த நேரம் பார்த்து கரண்ட் போனாலும் இப்படி ஆகலாம். எல்எஸ் (ls) என்று தட்டினால் பார்ட்டிஷன் பட்டியல் வரும். ஒவ்வொரு பெயரையும் அடைப்புக்குறியோடு எல்எஸ் பக்கத்தில் தட்டி, பின்னால் பூட், கிரப் (/boot/grub) பாதையைச் சேர்த்துப் பாருங்கள். ஃபைல்கள் தெரிகிற பார்ட்டிஷன்தான் உங்களுடையது. செட் ரூட்டில் (set root=) அந்தப் பெயரையும், செட் பிரிஃபிக்ஸில் (set prefix=) முழுப் பாதையையும் கொடுங்கள். பிறகு இன்ஸ்மாட் நார்மல் (insmod normal), அடுத்து நார்மல் (normal) என்று தட்டுங்கள். மெனு வந்துவிடும். ஆனால் இது ஒரு தடவைக்குத்தான். உள்ளே போனதும் கிரப் இன்ஸ்டால் (grub-install), அப்டேட் கிரப் (update-grub) இரண்டையும் ஓட்டாவிட்டால் அடுத்த தடவையும் இங்கேயே நிற்கும்.

கிரப் மெனு வந்து, தேர்ந்தெடுத்ததும் திரை கறுத்துவிட்டால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர்தான், குறிப்பாக என்விடியா. மெனுவில் ஆங்கில ஈ (e) எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் 'குவையட் ஸ்பிளாஷ்' பக்கத்தில் ஓர் இடம் விட்டு நோமோட்செட் (nomodeset) என்று சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். உள்ளே போய் சரியான டிரைவரைப் போட்டுவிடுங்கள்.

'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற கட்டளைத் திரையில் எக்ஸிட் (exit) என்று தட்டினால், எந்தப் பார்ட்டிஷன் கெட்டது என்று அதுவே சொல்லும். அதன் மேல் பார்ட்டிஷனைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே (fsck) ஓட்டி, ரீபூட் செய்யுங்கள். கரண்ட் போகாமலேயே இது அடிக்கடி வந்தால், முதலில் கணினியை அணைத்து, ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். அப்போதும் வந்தால் ஹார்ட் டிஸ்க் போய்க்கொண்டிருக்கலாம். அன்றைக்கே ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

ஒன்றரை நிமிடம் எண்ணிவிட்டு 'எமர்ஜென்சி மோட்' வந்தால், எந்தெந்தப் பார்ட்டிஷனைத் திறக்க வேண்டும் என்ற பட்டியல் உள்ள எஃப்எஸ்டேப் (/etc/fstab) ஃபைலைப் பாருங்கள். கழற்றிவிட்ட டிஸ்க்கின் வரி, அல்லது ஃபார்மேட் செய்ததால் மாறிப்போன யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) அதில் இருக்கும். லைவ் பென்டிரைவில் நுழைந்து, அந்த வரியின் முன்னால் # போட்டாலே போதும்.