ஒரே கேபிளில் இரண்டு டிஷ், ஒரு மோட்டார்: டைசெக் இணைக்கும் முறை

எங்கள் வீடு மதுரையில். மாடியில் ஜிசாட்-15 செயற்கைக்கோளை (93.5 டிகிரி கிழக்கு) நோக்கி ஒரு சிறிய டிஷ் இருக்கிறது, அது கேயு பேண்ட் (உயர் அதிர்வெண் வகை) அலையில் வரும் டிடி ஃப்ரீ டிஷ் சேனல்களுக்கு. பக்கத்திலேயே ஆறடி சி பேண்ட் (குறைந்த அதிர்வெண் வகை) டிஷ், அதைத் தள்ளித் திருப்பும் ஆக்சுவேட்டர் மோட்டாருடன். கீழே ரிசீவரில் கேபிள் செருக இருப்பதோ ஒரே இடம். ரிசீவர் கேபிள் வழியாகவே கட்டளை அனுப்பும் டைசெக் முறையையும், அதைக் கேட்டு இரண்டு டிஷ்களில் ஒன்றை மட்டும் ரிசீவருடன் இணைக்கும் சுவிட்சையும் வைத்து இதை எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான் எழுதுகிறேன். டிஷ்ஷைத் திருப்பிச் சிக்னல் பிடிப்பது உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கேபிளுக்குள் நடப்பது

சிக்னல் மேலிருந்து கீழே வருகிறது. அதே கேபிளில் ரிசீவர் மேலே மின்சாரம் அனுப்புகிறது. 13 வோல்ட் அனுப்பினால் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி) செங்குத்து அலையைத் தரும், 18 வோல்ட் அனுப்பினால் கிடை அலையைத் தரும். இதன்மேல் 22 கிலோஹெர்ட்ஸ் டோன் ஒன்றையும் ரிசீவர் ஏற்றலாம். கேயு பேண்டின் யுனிவர்சல் எல்என்பி, வரும் அலையின் அதிர்வெண்ணிலிருந்து டோன் இல்லாவிட்டால் 9750 மெகாஹெர்ட்ஸையும் டோன் வந்தால் 10600 மெகாஹெர்ட்ஸையும் கழித்து அனுப்பும். 11090-இல் உள்ள அலைவரிசை 1340 ஆகிக் கீழே வருவது இப்படித்தான். சி பேண்ட் எல்என்பிக்கு 5150 என்ற ஒரே எண்தான். டோன் அதற்குத் தேவையே இல்லை.

அதே டோனைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பினால் அதுவே டைசெக் கட்டளை. ஒரு பிட்டுக்கு 1.5 மில்லி விநாடி. டோன் 1 மில்லி விநாடி ஒலித்து அரை மில்லி விநாடி அடங்கினால் அது 0. அரை ஒலித்து 1 அடங்கினால் அது 1. சுவிட்சுக்குப் போகும் கட்டளையில் நான்கு பைட்கள் உண்டு. கட்டளை யாருக்கு, என்ன செய்ய வேண்டும், எந்த போர்ட் (சுவிட்சில் கேபிள் செருகும் இடம்) என்பதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மோட்டாருக்கான முகவரி வேறு என்பதால் சுவிட்ச் அதைக் கண்டுகொள்ளாது.

இதில் நீங்கள் மறக்கக் கூடாதது ஒன்று. முதல் பைட்டிலேயே "பதில் வேண்டாம்" என்ற செய்தி இருக்கிறது. டைசெக் 1.0 (நான்கு போர்ட் வரையுள்ள சுவிட்சுக்கு), 1.1 (அதற்கு மேல் போனால்), 1.2 (மோட்டாருக்கு) மூன்றுமே ஒருவழிப் பேச்சு. திரையில் "போர்ட் 2" என்று தெரிந்தால், ரிசீவர் அப்படிச் சொல்லிவிட்டது என்றுதான் பொருள். சுவிட்ச் கேட்டதா என்பது ரிசீவருக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கண்ணியையும் நாம்தான் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

சுவிட்சை இணைத்தல்

ரிசீவரின் மின்சாரத்தைச் சுவரிலேயே அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது. கேபிளின் நடுக் கம்பி வெளிப் பின்னலைத் தொட்டால் மின்சாரம் தரும் பகுதியே எரிந்துபோகலாம். சுவிட்சின் 1-ஆவது போர்ட்டில் கேயு எல்என்பி, 2-ஆவதில் சி பேண்ட் எல்என்பி. முறுக்கிச் செருகும் கனெக்டர்களை வாங்காதீர்கள். கருவியால் அழுத்திப் பொருத்தும் கம்ப்ரஷன் வகையே மழைக்குத் தாங்கும்.

பிறகு ரிசீவர் மெனு. நேரத்தை அதிகம் தின்பது இந்த இடம்தான். சில ரிசீவர்கள் 1, 2, 3, 4 என்று காட்டும். அதில் சிக்கல் இல்லை. சில ரிசீவர்களில் ஏ/ஏ, ஏ/பி, பி/ஏ, பி/பி என்றிருக்கும். கட்டளையில் போர்ட்டுக்கு இரண்டு பிட்கள் உண்டு. ஒன்றின் பெயர் பொசிஷன், மற்றொன்று ஆப்ஷன். பொசிஷன் மட்டும் பி ஆனால் 2-ஆவது போர்ட், ஆப்ஷன் மட்டும் பி ஆனால் 3-ஆவது. இரண்டில் எதை முதலில் எழுதுவது என்பதில் எல்லா ரிசீவர்களும் ஒத்துப்போவதில்லை. அதனால் 1-உம் 4-உம் சரியாக வேலை செய்ய, 2-உம் 3-உம் மட்டும் இடம் மாறி நிற்கும். டிஷ்ஷை அசைத்துப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

பார்ப்பதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். மலிவான சிக்னல் ஃபைண்டரைவிட இந்த வேலைக்கு அதையே நான் நம்புகிறேன். சுவிட்சிலிருந்து எல்என்பிக்குப் போகும் கேபிள்களைக் கழற்றிவிட்டு, ரிசீவரை ஓடவிட்டு, ஒவ்வொரு போர்ட்டிலும் நடுத்துளைக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே டிசி வோல்ட்டை அளவிடுங்கள். முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் கவனம். பெரும்பாலான சுவிட்சுகளில் தேர்வான போர்ட்டில் மட்டும் 13 அல்லது 18-ஐ ஒட்டி வோல்ட் வரும், மற்றவற்றில் வராது. மெனுவில் போர்ட்டை மாற்றினால் வோல்ட்டும் இடம் மாற வேண்டும். சுவிட்ச் தராத பதிலை மீட்டர் தந்துவிடுகிறது.

மெனுவின் 22கே (22 கிலோஹெர்ட்ஸ் டோன்) வரிசையில் கேயு எல்என்பிக்கு "ஆட்டோ", சி பேண்டுக்கு "ஆஃப்". டோன் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து போர்ட் மாற்றும் பழைய 22கே சுவிட்ச் கையில் இருந்தால் அதை இந்தக் கேபிள் இணைப்புக்குள் நுழைக்காதீர்கள். யுனிவர்சல் எல்என்பி தன் பேண்டை மாற்றவும் அதே டோனைத்தான் எதிர்பார்க்கிறது.

மோட்டார்

ஆறடி, எட்டடி டிஷ்களைத் தள்ளும் ஆக்சுவேட்டருக்கு 36 வோல்ட் வேண்டும். கேபிளில் வரும் 18 வோல்ட்டால் அது நகராது. நடுவில் வி-பாக்ஸ் வைக்க வேண்டும். அது டைசெக் 1.2 கட்டளையைக் கேட்டு, தன் 36 வோல்ட்டை ஆக்சுவேட்டருக்குத் தரும். இரண்டு கம்பிகள் மோட்டாருக்கு, இரண்டு சென்சாருக்கு. தண்டு நகர நகர சென்சார் துடிப்புகளை அனுப்பும், வி-பாக்ஸ் அவற்றை எண்ணிக்கொள்ளும். என் வரிசை: ரிசீவர், வி-பாக்ஸ், டைசெக் சுவிட்ச், எல்என்பி.

முதலில் கிழக்கு, மேற்கு எல்லைகளைப் பதியுங்கள். அதற்குமுன் டிஷ்ஷை ஓட்டினால் சுவரில் இடிக்கும். அடுத்து ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் நகர்த்தி, குவாலிட்டி உச்சத்தில் நிற்கும்போது சேமியுங்கள். 0-ஆம் எண் குறிப்பு நிலைக்கு உரியது, அதில் சேமிக்க வேண்டாம். ரிசீவரிடம் இருப்பது அந்த எண் மட்டுமே. துடிப்புக் கணக்கு வி-பாக்ஸில் இருக்கிறது. எந்த எண்ணுக்கு எந்தச் செயற்கைக்கோள் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால், ரிசீவர் மாறினாலும் பிழைத்துக்கொள்வீர்கள். ஜிசாட்-15 பதிவில் மோட்டார் "இல்லை" என்று இருக்கட்டும். இல்லாவிட்டால் ஃப்ரீ டிஷ் பார்க்கப்போகும்போது பெரிய டிஷ்ஷும் சேர்ந்து திரும்பும்.

என் சிறிய டிஷ்ஷுக்கு மோட்டார் இல்லை. உங்களிடம் சிறிய கேயு டிஷ்ஷுக்கான மோட்டார் இருந்தால், அது கேபிள் மின்சாரத்திலேயே ஓடும். அதற்கு யூசால்ஸ் முறையைப் பரிந்துரைக்கிறேன். உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை ரிசீவரில் இட்டால் கோணத்தை அதுவே கணக்கிடும். மதுரைக்கு 9.9 வடக்கு, 78.1 கிழக்கு. 93.5-க்கும் 78.1-க்கும் வித்தியாசம் 15.4 டிகிரிதான், ஆனால் மோட்டார் ஏறத்தாழ 18 டிகிரி திரும்பும். நாம் நிற்பது பூமியின் மையத்தில் அல்ல, மேற்பரப்பில் என்பதால் அப்படி, அது சரிதான்.

இந்த முறையில் மோட்டாரின் 0 மிகச் சரியாகத் தெற்கைப் பார்க்க வேண்டும். இரும்புக் கம்பத்தின் அருகே திசைகாட்டியை நம்ப முடியாது. தூக்குக்குண்டு நூலின் உச்சிவேளை நிழல் துல்லியமான வடக்கு-தெற்குக் கோடு. நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியது என்பதால் மதுரையில் உச்சிவேளை சராசரியாக 12.18-க்கு வரும், ஆண்டுக்குள் ஏறக்குறைய கால் மணி நேரம் முன்பின் ஆகும். அன்றைய நேரத்தைப் பஞ்சாங்கத்திலோ செயலியிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசகர்கள் கேட்டபின் சேர்த்தவை

கேயு மோட்டார் பாதி வழியில் நிற்கிறது என்று சிலர் எழுதினார்கள். நடுக் கம்பி செம்பு பூசிய எஃகாக இருந்தால் நீண்ட கேபிளில் வோல்ட் விழும். காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் எஃகு. மோட்டாருக்கு முழுச் செம்புக் கேபிளே வேண்டும்.

நான்குக்கு மேல் எல்என்பி வைத்திருப்பவர்கள் டைசெக் 1.1 சுவிட்சை ரிசீவர் பக்கமும், 1.0 சுவிட்சுகளை அதற்குப் பின்னாலும் வையுங்கள். முதல் சுவிட்ச் திறக்கும்வரை அடுத்ததற்கு மின்சாரமே போகாது. அது விழிப்பதற்குள் அதற்கான கட்டளை கடந்துபோயிருக்கலாம். மெனுவில் கட்டளையை மறுபடி அனுப்பும் "ரிப்பீட்" இருந்தால் 1 அல்லது 2 என்று வையுங்கள்.