தோட்டப்புற ஊரில் சேவை மன்றம் தொடங்குவது எப்படி: முதல் ஆறு மாதங்களுக்கான செய்முறை

பத்தாங் பெர்ஜுந்தை என்றே நாம் இன்னமும் அழைக்கும், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவைப் போன்ற ஊர்களில் சேவை மன்றம் தொடங்கலாம் என்று யாராவது சொன்னால், அடுத்த வாரமே பதாகை அச்சாகிவிடுகிறது. பள்ளிப்பை வழங்கும் விழாவுக்கு நாளும் குறித்துவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். விழா முடிந்த மறுவாரம், பை வாங்கிய பையன்களுள் ஒருவன் பூட்டிய மண்டபத்தின் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு ஒன்னும் இல்லையா அண்ணே?" என்று கேட்டான். அந்தக் கதவு வாரந்தோறும் திறந்திருப்பதற்கான வழிகளையே கீழே எழுதியிருக்கிறேன். விழா நடத்தும் வழி எல்லாருக்கும் தெரியும்.

படி 1: முதலில் கேளுங்கள்

இரண்டு வாரம் எதையும் அறிவிக்க வேண்டாம். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களையும், செம்பனைத் தோட்டத்துக்குள் இன்னும் தங்கியிருக்கும் குடும்பங்களையும் தனித்தனியே சென்று பாருங்கள். இரு சாராரின் தேவையும் ஒன்றல்ல. பெற்றோரைக் கேட்டால் பெரும்பாலும் கணினி வகுப்பு வேண்டும் என்பார்கள். படிவம் நான்கு, ஐந்து மாணவர்களையே கேட்டபோது எங்களுக்குக் கிடைத்த பதில் வேறு: வரலாறு. மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால், படிவம் ஐந்தின் இறுதியில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் சான்றிதழே கிடைக்காது என்பது 2013 முதல் நடைமுறையில் உள்ள விதி. எனவே கணினி வாங்கத் திட்டமிட்டிருந்த பணத்தை வரலாற்றுப் பயிற்சிநூல்களுக்கும், சொல்லித்தர வந்தவரின் பெட்ரோல் செலவுக்கும் மாற்றினோம்.

படி 2: ஏழு பேரும் ஒரு வடிவமும்

1966-ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி, ஏழு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்த அமைப்பே சங்கம். பதிவு இல்லாமல் அத்தகைய சங்கத்தை நடத்துவது குற்றமாகும். ஏழு பேரைத் தேடும்போது பேச்சுத்திறனைப் பார்க்காதீர்கள்; புதன்கிழமை இரவு தவறாமல் வந்து நாற்காலி எடுத்துப் போடுபவர் யார் என்று பாருங்கள். பொருளாளர் தலைவரின் மைத்துனராக இருக்கக்கூடாது என்பது சட்டத்தில் இல்லாத, ஆனால் நான் விடாமல் வற்புறுத்தும் விதி.

அனைத்துலக அமைப்பின் கிளையாகச் சேருவதும் ஒரு வழிதான். ரோட்டரி 1905-லும் லயன்ஸ் 1917-லும் சிகாகோவில் தோன்றியவை. (நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டதும் அதே 1917-இல்தான்.) ரோட்டரியின் இன்டரெக்ட் மன்றங்கள் 12 முதல் 18 வயதினரையும், லயன்ஸின் லியோ மன்றங்கள் 12 முதல் 30 வயதினரையும் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் புதிய ரோட்டரி மன்றமோ லயன்ஸ் மன்றமோ தொடங்கக் குறைந்தது 20 பேர் வேண்டும். சிற்றூரில் தொடக்கத்திலேயே அத்தனை பேரைத் திரட்டுவது கடினம் என்பதால், தனி மன்றமாகத் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

படி 3: பதிவு

சங்கப் பதிவிலாகாவின் இணையத்தளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். அமைப்பு விதிகளையும் பொறுப்பாளர் பட்டியலையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இளைஞர்களையே உறுப்பினர்களாகக் கொண்ட இளைஞர் சங்கமாக அமைப்பதானால், 2007-ஆம் ஆண்டின் இளைஞர் சங்கங்கள், இளைஞர் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வேறு பதிவதிகாரியிடம் செல்ல வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கையை அனுப்ப வேண்டும் என்பதை நாட்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள்.

படி 4: ஓர் இடம், ஒரு நாள்

பெரும்பாலான மன்றங்கள் சரிவது இந்த இடத்தில்தான். கோயில் மண்டபமோ பாலர் பள்ளியோ எதுவானாலும், வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் என்று முடிவுசெய்து அதை மாற்றாதீர்கள். வெள்ளிக்கிழமை பூசை இருக்கும். பசார் மாலாம் எனும் இரவுச் சந்தை கூடும் நாளில் பாதிப் பிள்ளைகள் பெற்றோரின் கடையில் நிற்பார்கள். ஆகவே அவ்விரு நாள்களையும் தவிர்த்துவிடுங்கள். சாவி இரண்டு இருக்க வேண்டும். எங்களிடம் ஒன்றே இருந்தபோது, அதை வைத்திருந்தவர் கிள்ளானுக்குத் திருமணத்துக்குப் போய்விட, பதினோரு பிள்ளைகள் தெருவிளக்கின் கீழ் நின்றுகொண்டே அன்றைய பாடத்தை முடித்தார்கள்.

ஏழரை மணிக்குக் கதவைத் திறந்து, வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதச் சொல்லி, ஒரு மணி நேரம் பாடம் நடத்துங்கள்; பிறகு மைலோவும் பிஸ்கட்டும் கொடுத்து, கடைசி அரை மணி நேரத்தைக் கேரமுக்கோ அரட்டைக்கோ விட்டுவிடுங்கள். அந்த அரை மணி நேரத்தை வீண் என்று வெட்டிவிட வேண்டாம். யார் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருக்கிறான் என்பது அப்போதுதான் தெரியவரும். தோட்டத்துக்குள்ளிருந்து வருபவர்களை ஒன்பதரை மணிக்கு வீட்டில் கொண்டுபோய் விட ஒரு வேனும் வேண்டும்.

படி 5: பணம்

சிறு சந்தாவிலிருந்து தொடங்குங்கள். 1960-இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டத் தொழிலாளர்களின் சிறுசிறு தொகைகளைச் சேர்த்தே தோட்டங்களை வாங்கியது. எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம் ஒன்றை வாங்கி, ஐந்து வெள்ளியானாலும் ரசீது கொடுத்து அடிக்கட்டையை வைத்துக்கொள்ளுங்கள். மாத முடிவில் வரவுசெலவை ஒரே தாளில் எழுதி மண்டபச் சுவரில் ஒட்டுங்கள். உண்டியலோடு வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க நினைத்தால், 1947-ஆம் ஆண்டின் சட்டப்படி காவல்துறையின் உரிமம் தேவை. நன்கொடையாளருக்கு வருமான வரி விலக்கு கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பதிவு பெற்றாலே அச்சலுகை வந்துவிடாது, வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ்த் தனி அனுமதி பெற வேண்டும்.

படி 6: பிள்ளைகளின் பாதுகாப்பு

பெற்றோரின் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம் இல்லாமல் 18 வயதுக்குட்பட்ட எவரையும் சேர்க்க வேண்டாம். மண்டபத்திலும் வேனிலும் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். பிள்ளை ஒன்று வீட்டில் அடிபடுவதாகவோ வேறு கொடுமைக்கு ஆளாவதாகவோ தெரிந்தால், நீங்களே பஞ்சாயத்துப் பேசப் போகாதீர்கள். அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசேயின் (Talian Kasih) எண்ணான 15999-ஐ அழையுங்கள். அந்த எண்ணைச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

படி 7: பொறுப்பை மாற்றுங்கள்

ஆறாவது மாதத்தில் ஒரு நிகழ்ச்சியை முழுவதுமாக இளையோரிடம் விட்டுவிடுங்கள். ஃபுட்சால் போட்டியோ, கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவுப் பணியோ, எதை நடத்துவது என்று அவர்களே முடிவெடுக்கட்டும். செயற்குழு திருத்தம் சொல்லலாம். ஆனால் ஒலிவாங்கியைப் பிடுங்கக் கூடாது. அதே மாதத்தில் மண்டபத்தின் இரண்டாவது சாவியையும் வருகைப் பதிவேடு சீராக இருக்கும் ஒரு மூத்த மாணவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். சாவி தொலைந்துபோனால், புதுப் பூட்டின் விலையைச் சில்லறைச் செலவு என்று அந்த மாதத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.