சின்னப் பல்லுக்கு இறங்காத பின் கியர்

தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது என் பழைய சைக்கிளில் பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் ஒழுங்காக ஏறும். இறக்கத்தில் சின்னதுக்கு மாற்றினால்தான் அசையாது. கொஞ்ச தூரம் போய்த் திடீரென்று விழும். செயினுக்கு எண்ணெய் விட்டேன், கேபிள் இறுக்கத்தை மாற்றிப் பார்த்தேன். சரிவரவில்லை.

அப்புறம் பின்னால் கேபிளைக் கழற்றிவிட்டு, செயினை நகர்த்தும் பின் கியரைக் கையால் தள்ளினேன். அதன் ஸ்பிரிங் உடனே அதைத் திருப்பியது. அப்படியென்றால் கோளாறு கேபிளில்தான். ஏற்றும்போது விரல் கேபிளை இழுக்கிறது. இறக்க ஸ்பிரிங் மட்டும்தான், சின்னப் பிடிப்பே அதைத் தடுத்துவிடும்.

பின்சக்கரத்தருகே வளையும், கேபிள் கம்பியை மூடும் கடைசித் துண்டு உறை வெளியே புதிதுபோல இருந்தது. உள்ளே துரு! மழைத்தண்ணீர் கம்பி வழியே இறங்கி அந்த வளைவின் அடியில்தான் தேங்குகிறது. உறை, கம்பி இரண்டையும் மாற்றினேன். வெட்டும்போது நசுங்கிய உறையின் வாயை ஊசியால் விரித்து, முனையை அரத்தால் சமப்படுத்தினேன். பெரிய நிம்மதி, இப்போது ஒரே தட்டில் இறங்குகிறது.