எல்லாருக்குமான சென்னை: கோரிக்கை எழுதும்போது நாம் சறுக்கும் இடங்கள்

2022 மாநகராட்சித் தேர்தலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோழர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு டீக்கடை மாடியில் உட்கார்ந்து வார்டுக் கோரிக்கைகளை எழுதிக்கொண்டிருந்தோம். முதல் வரி வழக்கம்போல 'அனைவருக்கும் வீடு'. யாருக்கும் ஆட்சேபணை இல்லை. கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா மட்டும் கேட்டார்: "வீடுன்னு எழுதுறீங்களே தம்பி, எங்கன்னு எழுத மாட்டீங்களா?"

அவர் மயிலாப்பூரில் வீட்டுச் சமையல் வேலை செய்பவர். ஆற்றோரக் குடிசையை இடித்தபோது நகரின் தெற்கு விளிம்பில் உள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர். முன்பு நான்கு வீடுகளில் சமைத்தார், இப்போது இரண்டுதான். காலைச் சமையலை முடித்து, மதியம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, மாலைச் சமையலுக்குத் திரும்பி வர முடியாத தூரம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால்தான் முதல் வீட்டுக்காரர்களின் காபி நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். கையில் வீட்டுச் சாவி வந்தது, பாதிச் சம்பளம் போனது.

நியாயமான நகரம் பற்றி இடதுசாரிகள் எழுதும் அறிக்கைகள் பலவற்றைப் படித்திருக்கிறேன், சிலவற்றை நானே எழுதியும் இருக்கிறேன். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் தவறுகளில் பாதிக்கு மேல், அந்த அக்காவின் கேள்வியை நாம் கேட்காததால் வருபவை.

வீட்டைத் தலைக்கணக்காகப் பார்ப்பது

1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது அதன் வாசகம். ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது பக்கத்திலேயே, மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகளைக் கட்டினார்கள். கட்டடத்தின் தரத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் மீனவர் கடலோரத்திலேயே இருந்தார், மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர் மார்க்கெட் பக்கத்திலேயே இருந்தார்.

2000-ஐ ஒட்டி வண்டி தெற்கே திரும்பியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000 வீடுகளுக்கு மேல். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாக. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பெரிய சாதனைதான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரையோரக் குடும்பங்களை 'வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம்' என்று சொல்லி அனுப்பிய இடமும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இந்தப் பெரும்பாக்கம்தான். மழைக்காலத்தில் அங்கே போய்ப் பாருங்கள்.

இருப்பிடமும் பிழைப்பும் ஒட்டிப் பிறந்தவை என்பது சட்டத்துக்கும் தெரியாத விஷயமல்ல. 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாழ்வுரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று சொன்னது. அதே தீர்ப்பு, முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அப்புறப்படுத்துவதைத் தடுக்கவும் இல்லை. முதல் பாதியை மட்டும் மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குவது நம்மிடம் உள்ள ஒரு பழக்கம்.

'அதே இடத்தில் வீடு' என்று எழுதிவிட்டால் போதுமா? போதாது. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் அதே இடத்தில்தான் அடுக்குமாடி எழுந்தது. 2021-இல் கைபட்டாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்ததை ஊரே பார்த்தது. இத்தனை மாடிக்கு லிஃப்ட் வேண்டும், லிஃப்டுக்கு மின்கட்டணமும் பராமரிப்பும் வேண்டும். அதை யார் கட்டுவது என்று எழுதாத கோரிக்கை, ஏழாவது மாடியில் இருக்கும் மூட்டு வலிக்காரப் பாட்டியைச் சிறை வைக்கும் கோரிக்கை.

இன்னொன்று. வாரிய வீடுகளைப் பற்றிப் பேசிப் பேசி, வாடகைக்குக் குடியிருப்பவர்களை நாம் மறந்தே போகிறோம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் புரட்ட முடியாமல் கந்துவட்டிக்குப் போகும் ஓட்டுநரும், சாதி, மதம் கேட்டு 'ஃபேமிலிக்கு மட்டும்தான்' என்று நாசூக்காகத் திருப்பி அனுப்பப்படும் இளைஞரும் எந்த ஊர்வலத்திலும் தனி அணியாக வருவதில்லை. அதனாலேயே அறிக்கையிலும் வருவதில்லை.

வெளியூர் உதாரணத்தைப் பாதியாகச் சொல்வது

வியன்னாவைக் குறிப்பிடாத இடதுசாரி நகரக் கட்டுரை அபூர்வம். குறிப்பிடலாம், தப்பில்லை. 1919 முதல் 1934 வரை சமூக ஜனநாயகவாதிகள் ஆண்ட அந்த நகரம் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பில் மட்டும் 1,382 வீடுகள். கூடவே குழந்தைகள் காப்பகம், பொதுச் சலவைக்கூடம், நூலகம். அது எழுந்த இடம் ஊருக்கு வெளியே ஏதோ பொட்டல் அல்ல, ரயில் நிலையத்துக்கு எதிரில். அக்கா கேட்ட 'எங்க?' என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்தது.

ஆனால் நம் கட்டுரைகள் வழக்கமாக இத்தோடு நின்றுவிடும். பணம் எங்கிருந்து வந்தது? 1922-இல் வியன்னா தனி மாநிலமாகப் பிரிந்தது. வரி போடும் அதிகாரம் கைக்கு வந்தது. நிதிப் பொறுப்பில் இருந்த ஹ்யூகோ பிரைட்னர், 1923-இல் வீட்டு வரி ஒன்றைக் கொண்டுவந்தார். சின்ன வீட்டுக்குச் சொற்பம், மாளிகைக்கு மேலே மேலே ஏறும் விகிதம். ஆடம்பரச் செலவுகளுக்கும், வீட்டில் பல வேலைக்காரர்களை வைத்திருப்பதற்கும் தனி வரி. பணக்காரர்கள் அவரைத் திட்டித் தீர்த்ததில் ஆச்சரியமில்லை.

இங்கே நாம் என்ன செய்கிறோம்? 2022-இல் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியபோது, பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 150 சதவீதம் என்று படிப்படியாக வைத்தது. நம் பக்கத்தில் பல பேருக்கு உடனே வந்த எதிர்வினை: வரி உயர்வா, வாபஸ் வாங்கு! சின்ன வீட்டுக்கு 50 சதவீதமும் அதிகம் என்று வாதாடியிருக்கலாம். 5,000 சதுர அடி பங்களாவுக்கு 150 போதாது என்றும் கேட்டிருக்கலாம். 1,800-க்கு மேலே ஏணி ஏன் நின்றுபோகிறது என்று கேட்டிருந்தால் அது இடதுசாரிக் கேள்வி. மொத்தமாக எதிர்த்ததில் பங்களாக்காரருக்கும் சேர்த்து நாமே கொடி பிடித்தோம்.

பெர்லின் கதையும் இப்படித்தான். 2020 பிப்ரவரியில் அந்த நகர அரசு வாடகைக்கு உச்சவரம்பு வைத்தது. நம்மவர்கள் கொண்டாடினார்கள். 2021 ஏப்ரலில் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வாடகை உச்சவரம்பு நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள்ளேயே நீதிமன்றம் போகவில்லை. வாடகைச் சட்டம் மத்தியின் கையில் இருக்கிறது, மாநிலத்துக்கு இதில் அதிகாரமில்லை என்றது. வாடகை குறைந்ததென்று நிம்மதியாக இருந்த குடித்தனக்காரர்கள் பலர் வித்தியாசத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று.

யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கேட்பது

சென்னை மேயரிடம் பஸ் கேட்போம், தண்ணீர் கேட்போம், மாஸ்டர் பிளானைத் திருத்தக் கேட்போம். பஸ் மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது, தண்ணீர் 1978-இலிருந்து குடிநீர் வாரியத்துடையது, நிலப் பயன்பாடு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) கையில். எல்லாமே கோட்டையை, அதாவது மாநில அரசைப் பார்த்து நிற்பவை. மாநகராட்சி இயங்கும் ரிப்பன் மாளிகைக்கு மிஞ்சுவது குப்பை, தெருவிளக்கு, உட்சாலை, மழைநீர் வடிகால், பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, இன்னும் சில. நகர உள்ளாட்சிகளுக்கு அரசியல் சாசன அந்தஸ்து தந்த 74-வது திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993-இல். அதன் பிறகும் 2016 முதல் 2022 வரை சென்னை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் ஓடியது. அந்த ஐந்து வருஷத்துக்கும் மேலான காலத்தில் எத்தனை பேர் அதற்காகத் தெருவில் இறங்கினோம்? விரல் விட்டு எண்ணலாம். நானும் இறங்கவில்லை.

இலவசத்தோடு நின்றுவிடுவது

2021 மே மாதம் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பஸ்களில் இலவசப் பயணம் வந்தது. இதை ஓட்டுக்கான சலுகை என்று கேலி செய்தவர்கள், மாதம் பஸ்ஸுக்கே பல நூறு செலவழித்த வீட்டுவேலைப் பெண்ணோடு ஒரு முறை பேசியிருந்தால் வாயை மூடியிருப்பார்கள். திட்டம் நல்ல திட்டம். தவறு, அதற்கப்புறம் நாம் பேச்சை நிறுத்திக்கொண்டதில்.

காலை ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு நிறுத்தத்தில் கால் மணி நேரம் நில்லுங்கள். டீலக்ஸ் வரும், போகும். ஏசி வரும், போகும். ஒயிட் போர்டு எனப்படும் சாதாரணக் கட்டண வண்டிக்காகப் பெண்கள் காத்துக்கொண்டே நிற்பார்கள்; வந்தால் படியில் கால் வைக்க இடமிருக்காது. டிக்கெட்டுக்குக் காசு இல்லை, காத்திருப்பதற்குக் கூலி வெட்டு. 'இலவசப் பயணம் தொடர வேண்டும்' என்பதோடு, இந்த நிறுத்தத்தில் காலை ஐந்து முதல் ஒன்பது வரை பத்து நிமிடத்துக்கு ஒரு சாதாரணப் பஸ் என்றும் எழுத வேண்டும். பிந்தைய வரி முழக்கத்துக்கு லாயக்கில்லை, எதுகை மோனை வராது. ஆனால் நிறைவேறியதா இல்லையா என்று கடிகாரத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

நடைபாதை விஷயத்தில் நாமே நடுத்தர வர்க்கமாகிவிடுவது

இதை மட்டும் எதிர்க்கட்சி மேல் போட முடியாது. 1996-இல் கல்கத்தாவின் முக்கிய சாலைகளிலிருந்து நடைபாதை வியாபாரிகளை ஒரே வீச்சில் அப்புறப்படுத்திய 'ஆபரேஷன் சன்ஷைன்' நடந்தது இடது முன்னணி ஆட்சியில். கொஞ்ச காலத்தில் வியாபாரிகள் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்கள் இழந்த நம்பிக்கை திரும்பி வரவில்லை. 2014 தெருவியாபாரிகள் சட்டப்படி, தெருவியாபாரத்தை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நாற்பது சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். தள்ளுவண்டிக்காரரையும் சக்கர நாற்காலியில் வருபவரையும் மோதவிட்டு, காருக்கு மட்டும் முழுச் சாலையையும் விட்டுவிடும் திட்டங்களைக் கண்டால் முதலில் பார்க்கிங்கின் அகலத்தை அளந்து பாருங்கள்.

சாதியை 'அப்புறம் பார்க்கலாம்' என்று வைப்பது

சென்னை இடதுசாரிகளுக்கு இந்தத் தவறின் வயது நூறைத் தாண்டிவிட்டது. 1918-இல் மெட்ராஸ் தொழிற்சங்கம் பிறந்தது பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களிடையே. 1921-இல் பெரிய வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பு பற்றி எரிந்தது. குடிசைகள் சாம்பலாயின, துப்பாக்கிச் சூடு நடந்தது. 'வர்க்க ஒற்றுமையை உடைத்தார்கள்' என்று ஒரு பக்கம் சொல்லலாம். ஒரே ஆலையில் வேலை பார்த்தும் ஒரே தெருவில் குடியிருக்க முடியாதவனிடம் எந்த ஒற்றுமையைக் கேட்டோம் என்பது இன்னொரு பக்கம்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் தலித்துகள், பெண்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அந்த இடத்துக்கு வந்து 'ஒப்பந்த முறையை ஒழி' என்று மட்டும் பேசிவிட்டுப் போன தலைவர்களும் உண்டு. நிரந்தர வேலை வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அந்த வேலைக்கு ஏன் ஒரே சில சாதிகளிலிருந்து மட்டும் ஆள் வருகிறது என்ற கேள்வி, நிரந்தர ஆணை கிடைத்த பிறகும் அப்படியே நிற்கும். அறிக்கையில் அதற்கும் ஒரு பத்தி வேண்டும்: இயந்திரம், பிள்ளைகளின் படிப்பு, வேறு பணிக்கு மாறும் வழி.

மக்கள் பங்கேற்பை மனு வாங்குவதாக நினைப்பது

பிரேசிலின் போர்த்தோ அலெக்ரேயில் 1989-இல் தொழிலாளர் கட்சி ஆட்சியில் பங்கேற்பு பட்ஜெட் தொடங்கியது. மக்கள் அங்கே குறையை மட்டும் சொல்லவில்லை, எந்தத் தெருவுக்கு முதலில் கழிவுநீர்க் குழாய் என்று பணத்தைப் பங்கிட்டார்கள். கட்சி நகர ஆட்சியை இழந்த பிறகு அது மெல்லத் தேய்ந்து 2017-இல் நிறுத்தப்பட்டது. சட்டத்தில் வேர் விடாத நல்ல விஷயம் ஆட்சியோடு போய்விடும்.

தமிழ்நாட்டில் 2022 முதல் வார்டு குழுவும் பகுதி சபையும் விதிகளில் இருக்கின்றன. வார்டு குழு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார்கள். பகுதி சபை என்றால் மேஜை போட்டு மனு வாங்குவது என்றே பல வார்டுகளில் ஆகிவிட்டது. அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் மனுவுக்குப் பதிலாக ஒரு கேள்வி எடுத்துப் போகலாம்: இந்த வருஷம் நம் வார்டுக்கு எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறது, எந்தத் தெருவுக்கு எவ்வளவு? பதிலை எழுத்தில் கேளுங்கள். அந்த அக்காவுக்கு வாய்ப்பிருந்தால் கூடவே கேட்பார், கூட்டத்தை ஏன் வேலைக்குப் போகும் நேரத்தில் வைக்கிறீர்கள் என்று.