ரேஞ்ச்ஃபைண்டரில் வேறு நிறுவன லென்ஸ்: முதலில் ஃபோகஸைச் சோதியுங்கள்

ரேஞ்ச்ஃபைண்டர் (இரு பிம்பங்களை ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் செய்யும் அமைப்பு) உள்ள லைக்கா எம் டிஜிட்டல் கேமராவில் வோய்க்ட்லாண்டர், சைஸ் நிறுவனங்களின் எம் மவுண்ட் (லைக்கா எம் கேமராவில் பொருந்தும் இணைப்பு) லென்ஸ்களைத் தாராளமாகப் போடலாம். ஆனால் வாங்கியவுடன் ஃபோகஸைச் சோதித்துவிடுங்கள். கேமராவை டிரைபாடில் நிறுத்தி, 1 மீட்டர் தள்ளி அளவுகோலைச் சாய்வாக வையுங்கள். அதன் நடுக்கோட்டில் ஃபோகஸ் செய்து, முழுத்திறப்பில் (அப்பர்ச்சர் எனும் லென்ஸ் துவாரத்தை முழுதாகத் திறந்து) ஒரு படம், பிறகு அதைச் சுருக்கி எஃப் 2.8, எஃப் 4 என எடுங்கள். அப்பர்ச்சரைச் சுருக்கச் சுருக்கக் கூர்மை பின்னால் நகர்ந்தால் அது ஃபோகஸ் ஷிஃப்ட். லென்ஸ் வடிவமைப்பின் குணம் அது. கேமராவைச் சரிசெய்து பயனில்லை. முழுத்திறப்பிலேயே கூர்மை நடுக்கோட்டிலிருந்து விலகினால் இன்னொரு லென்ஸைப் போட்டுப் பாருங்கள். அதிலும் அதே விலகல் என்றால் கோளாறு பெரும்பாலும் கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டரில்தான்.

வைட் லென்ஸில் ஓரங்கள் சிவக்கின்றனவா? எம் 9 முதலான மாடல்களில், மெனுவில் லென்ஸ் கண்டறிதலை (எந்த லென்ஸ் என்று அறிந்து கேமரா ஓர நிறத்தைத் திருத்தும் வசதி) மேனுவலாக்கி, அதே குவியத்தூரமுள்ள லைக்கா லென்ஸைத் தேர்ந்தெடுங்கள். லென்ஸை மாற்றும்போது இதையும் மாற்றுங்கள்.